ஒரே பெட்டிக்குள் இரண்டு இயந்திரங்கள்: பழைய ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயரைப் பழுது பார்க்கப் போய்க் கற்றுக்கொண்டவை

பத்து ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காக உழைத்த ஒரு ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயர் திடீரென்று ஊமையாகிவிட்டால் அதைச் சரி செய்வதா, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதா என்ற கேள்விக்கு விடை தேடி ஓராண்டுக்கும் மேல் அலைந்தவன் நான். அந்த அலைச்சலில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் எந்தப் பயனும் இல்லாமல் கரைந்தது. சென்னைக்கு வெளியே இருக்கும் ஒருவர் இதே நிலைக்கு ஆளானால் யாரிடம் என்ன கேட்க வேண்டும், எந்த இடத்தில் பணத்தை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று சொல்ல அன்று எனக்கு ஒருவரும் இல்லை என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

2011ஆம் ஆண்டு 38,000 ரூபாய் கொடுத்து வாங்கிய ‘ரிசீவர்’ வகை ஆம்ப்ளிஃபயர் அது. எடை பதினொரு கிலோவுக்குச் சற்று மேல். பின்பக்கம், படமும் ஒலியும் ஒரே கம்பியில் வரும் நான்கு எச்டிஎம்ஐ உள்ளீடுகள். ஐந்து ஸ்பீக்கர்களும் தாழ்ந்த ஒலிக்கான ஒரு சப்வூஃபரும் அதனுடன் இணைந்திருந்தன. 2022 கோடையில், படம் ஓடத் தொடங்கி அரை மணி நேரம் ஆனதும் ஒலி மட்டும் நின்றுபோகத் தொடங்கியது. அணைத்துவிட்டுச் சிறிது நேரம் கழித்துப் போட்டால் மீண்டும் கேட்கும், மறுபடியும் நின்றுவிடும். சில வாரங்களில் அந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்து, கடைசியில் போட்ட கணம் முதலே ஒலி இல்லை என்றானது. ஆனால் முகப்பில் எழுத்துகள் ஒளிர்ந்தன, ரிமோட் வேலை செய்தது, போட்டதும் ஸ்பீக்கர்களை இணைக்கும் ரிலே சுவிட்ச் உள்ளிருந்து எழுப்பும் ‘டிக்’ ஓசையும் வழக்கம்போலக் கேட்டது. இந்த அறிகுறிகளிலேயே நோய் இன்னதென்று எழுதியிருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

அந்த விளக்கத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் இதைச் சார்ந்ததுதான். ஏவி ரிசீவர் என்பது ஒரே பெட்டிக்குள் வைத்துப் பூட்டப்பட்ட இரண்டு இயந்திரங்கள். ஒன்று, டிரான்ஸ்ஃபார்மரும் பெரிய கெப்பாசிட்டர்களும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களும் கொண்ட பெருக்கிப் பகுதி. மற்றொன்று, எச்டிஎம்ஐ வழியாக டால்பி, டிடிஎஸ் என்ற டிஜிட்டல் வடிவங்களில் வரும் ஒலியைப் பிரித்து ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் பங்கிடும் கணினிப் பகுதி. முதல் பகுதியின் தொழில்நுட்பம் கடந்த நாற்பது ஆண்டுகளில் பெரிதாக மாறவில்லை. உதிரிப் பாகங்கள் கிடைக்கும், பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இரண்டாம் பகுதியோ சில ஆண்டுகளிலேயே காலாவதி ஆகிவிடுகிறது. அதன் சில்லுகள் கடையில் தனியே கிடைப்பதில்லை. தயாரிப்பாளரே சில ஆண்டுகளுக்குப் பிறகு அந்த போர்டைத் தருவதை நிறுத்திவிடுகிறார். ஆகவே ‘ஆம்ப் கெட்டுவிட்டது’ என்று சொல்வதற்கு முன், இந்த இரண்டில் எது கெட்டது என்பதை ஒருவர் கண்டறிய வேண்டும். என்னிடம் பணம் வாங்கியவர்களில் முதல் மூவரும் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

வீட்டிலேயே, பெட்டியைத் திறக்காமல், இதைக் கண்டறிய முடியும். பழைய சிடி பிளேயரையோ, ஹெட்போன் துளை உள்ள ஒரு கைப்பேசியையோ சிவப்பு வெள்ளை ஆர்சிஏ கம்பிகள் மூலம் ரிசீவருடன் இணைத்து, ரிமோட்டில் ‘டைரக்ட்’ அல்லது ‘ப்யூர் டைரக்ட்’ முறையைத் தேர்ந்தெடுங்கள். அந்த முறையில் அனலாக் ஒலி பெரும்பாலான ரிசீவர்களில் கணினிப் பகுதியைத் தொடாமல் நேராகப் பெருக்கிக்குப் போகும். இரண்டு முன் ஸ்பீக்கர்களிலும் பாட்டுத் தெளிவாகக் கேட்டால் பெருக்கிப் பகுதி நலமாக இருக்கிறது என்று கொள்ளலாம். அடுத்து, அமைப்புப் பட்டியலுக்குள் சென்று ஸ்பீக்கர்களின் அளவைச் சரி செய்யும் இடத்தில் ஒலிக்கும் சோதனை இரைச்சலைப் போட்டுப் பாருங்கள். அந்த இரைச்சலை உண்டாக்குவது பொதுவாகக் கணினிப் பகுதியில் உள்ள, டிஎஸ்பி என்ற ஒலிச் செயலிச் சில்லு. அது கேட்டால் சில்லு உயிரோடு இருக்கிறது, எச்டிஎம்ஐ துளைகளோ அவற்றை ஆளும் சிறு பகுதியோதான் போயிருக்கிறது. கேட்காவிட்டால் பழுது ஆழமானது. என் ரிசீவரில் சிடி பிளேயர் பாடியது, சோதனை இரைச்சல் வரவில்லை.

சோதனை இரைச்சல் வருபவர்கள் அதிர்ஷ்டசாலிகள். தொலைக்காட்சியின் ஆப்டிகல் வெளியீட்டிலிருந்து ரிசீவரின் ஆப்டிகல் உள்ளீட்டுக்குச் சில நூறு ரூபாயில் ஒரு கம்பி போட்டால் அவர்களுடைய வேலை முடிந்துவிடும். தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் வெளியீட்டை ‘பிசிஎம்’ என்று விட்டுவிடாமல் ‘டால்பி டிஜிட்டல்’ அல்லது ‘ஆட்டோ’ என்று மாற்ற வேண்டும். ஆப்டிகல் கம்பி, சுருக்கப்படாத பிசிஎம் முறையில் இரண்டு தடங்களை மட்டுமே கொண்டு செல்லும், சுருக்கப்பட்ட டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் ஆகியவற்றில்தான் 5.1 (ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் ஒரு சப்வூஃபருக்கும் தனித்தனி ஒலி) வரும். ப்ளூரேயின் ட்ரூஎச்டி போன்ற உயர்தர ஒலி இதில் வராது என்பது உண்மை. ஆனால் ஓடிடி படங்களைப் பார்க்கும் வீட்டுக்கு அது பெரிய இழப்பு அல்ல.

இவை எதுவும் தெரியாத காலத்தில், முறையான வழி இதுதானே என்று நம்பி, ரிசீவரைச் சென்னையில் உள்ள அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டருக்குப் பார்சலில் அனுப்பினேன். பரிசோதனைக் கட்டணம் வரியோடு 1,180 ரூபாய். எச்டிஎம்ஐ போர்டு மொத்தமாக மாற்ற வேண்டும், போர்டும் கூலியுமாக 22,000 ரூபாய் ஆகும், பத்தாயிரம் முன்பணம் கட்டினால் வரவழைக்கிறோம் என்றார்கள். கட்டினேன். அதன் பிறகு பல மாதங்களுக்கு ‘பார்ட் வந்துகொண்டிருக்கிறது சார்’ என்ற ஒரே பதில்தான். இறுதியில் அந்த போர்டு தயாரிப்பிலேயே இல்லை என்று சொல்லிப் பெட்டியைத் திருப்பி அனுப்பினார்கள்; முன்பணம் மட்டும் திரும்பவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்த பிறகு அது வந்து சேர்ந்தது. அந்த மாதங்களில் எனக்கு இருந்த எரிச்சல் பணத்தைப் பற்றியது மட்டுமல்ல. மாலையில் வீட்டுக்கு வந்து நடுக்கூடத்தில் அந்த வெற்று இடத்தைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு பொருளை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு அதைப் பற்றிக் கேட்கக் கூட வழியில்லாமல் இருக்கிறோமே என்ற கையாலாகாத்தனம் உறுத்தியது.

ஆகவே, சர்வீஸ் சென்டருக்கு அனுப்புவதற்கு முன்பே மாடல் எண்ணைச் சொல்லி, தேவைப்படக்கூடிய போர்டின் பாக எண் என்ன, அது இன்று இந்தியாவில் இருப்பில் உள்ளதா என்பதை மின்னஞ்சலில் எழுத்து மூலமாகக் கேட்டு வாங்குங்கள். ‘பார்த்துச் சொல்கிறோம்’ என்பது விடை அல்ல. முன்பணம் கட்டினால், எத்தனை நாளில் பாகம் வராவிட்டால் பணம் திரும்பும் என்பதை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் தொகை அதே தரத்தில் உள்ள புது ரிசீவரின் விலையில் பாதியைத் தொட்டால், அங்கேயே நின்றுவிடலாம் என்பது என் கருத்து. ஏனென்றால் மாற்றிக் கொடுக்கும் போர்டும் அதே பழைய வடிவமைப்புதான், அதே சூட்டில்தான் வேலை செய்யப் போகிறது.

பார்சலில் போய் வந்ததால் இன்னொரு வினையும் சேர்ந்தது. திரும்பி வந்த பெட்டியைப் போட்டபோது ரிலேயின் ஓசை கேட்கவில்லை. முகப்பில் ‘ப்ரொடெக்ட்’ (பாதுகாப்புக்காகத் தானே அணையும் நிலை) என்று ஒரு கணம் காட்டிவிட்டு அணைந்துவிட்டது. அதாவது, நலமாக இருந்த பெருக்கிப் பகுதியும் இப்போது பழுது. ரிசீவரின் எடையில் பெரும்பங்கு டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிறது, அதுவும் ஒரு பக்கமாக. பெட்டி கவிழ்ந்தோ குத்துப்பட்டோ வந்தால் அந்த எடை அடித்தட்டை வளைத்து, போர்டுகளின் சால்டர் இணைப்புகளை விரிசல் விடச் செய்துவிடும். வாங்கியபோது வந்த தெர்மாகோல் அச்சையும் அட்டைப்பெட்டியையும் பரண்மேல் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டாம். இல்லாதவர்கள் பார்சலை நம்பாமல் தாமே எடுத்துச் செல்வது நல்லது. அதற்குப் பிறகு சென்னைக்குப் போக வேண்டி வந்தபோது திருச்சியிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் ரயிலில் மடியருகே வைத்துக்கொண்டுதான் போனேன், தோள்வலியோடு போயிற்று.

‘ப்ரொடெக்ட்’ என்று வந்தால் உடனே அஞ்ச வேண்டியதில்லை. மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, பின்னால் உள்ள ஸ்பீக்கர் கம்பிகள் அனைத்தையும் கழற்றி, பிறகு ஒரே ஒருமுறை போட்டுப் பாருங்கள். இப்போது ரிலே பேசினால் குற்றம் ஆம்ப்பில் இல்லை. எங்கோ ஒரு செம்பு இழை பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அப்போதும் அணைந்தால் உள்ளே பழுது. மீண்டும் மீண்டும் போட்டுப் பார்ப்பது பழுதைப் பெரிதாக்கும். மூடியைக் கழற்றிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். செருகியைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

ஊரில் ஒரு கடையில் கொடுத்தேன். அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் போய்விட்டன என்று 2,800 ரூபாய் வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுத்தார்கள். சில வாரங்களிலேயே, ஒலியைச் சற்று உயர்த்திய ஒரு மாலையில், கருகிய வாடையோடு மறுபடியும் போயிற்று. அதே காலத்தில் எச்டிஎம்ஐ பகுதிக்காக, எலக்ட்ரானிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய சந்து ஒன்றில், சில்லை ஹாட் ஏர் வைத்துச் சூடாக்கி ‘ரீஃப்ளோ’ செய்து தருவதாகச் சொன்ன ஒருவரிடம் 3,500 கொடுத்திருந்தேன். ஒலி திரும்பி வந்தது, உண்மைதான். வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். ஒன்றரை மாதம் கழித்து, ஆம்ப் போவதற்குச் சற்று முன்பாகவே, அதுவும் நின்றுவிட்டது. ரீஃப்ளோ என்பது பெரும்பாலும் தற்காலிகத் தீர்வு என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சூடேறும்போது விரிந்து, ஆறும்போது சுருங்கி, ஆண்டுக்கணக்கில் அசைந்து விரிசல் விட்ட இணைப்பு, ஒருமுறை உருகினால் ஒட்டிக்கொள்ளும். விரிசலுக்குக் காரணமான சூடு அப்படியே இருப்பதால் மறுபடியும் விடும். சில்லே உள்ளுக்குள் கெட்டிருந்தால் ஒட்டுவதும் நிலைக்காது. அருகில் உள்ள சிறு கெப்பாசிட்டர்கள் வற்றிப்போயிருப்பது காரணம் என்றால் அவற்றை மாற்றினால் போதும். அதை அளந்து பார்க்காமல் நேராக ஹாட் ஏரைக் கையில் எடுப்பவரிடம் பெட்டியைக் கொடுக்க வேண்டாம்.

இந்த நிலையில்தான் திருவிழாக்களுக்கு மைக் செட் ஆம்ப்ளிஃபயர்களைச் செய்து கொடுக்கும் ஒரு முதியவரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் செய்த முதல் காரியம், ஒரு பழைய 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் இணைத்து, அதன் வழியாக ரிசீவருக்கு மின்சாரம் கொடுத்தது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுப் பிரகாசத்தோடு எரியும், ஆம்ப் தப்பித்துக்கொள்ளும். சரியாக இருந்தால் ஒருமுறை மின்னி மங்கிவிடும். இந்தப் பல்பு இல்லாத கடையில் ஆம்ப் கொடுக்கக் கூடாது என்று எனக்கு நானே விதி வகுத்துக்கொண்டேன். முந்தைய கடை போட்டிருந்த டிரான்சிஸ்டர் ஒன்றைக் குறட்டால் உடைத்துக் காட்டினார். அசலில் இருக்க வேண்டிய அளவில் கால்பங்கு கூட இல்லாத சிலிக்கான் துண்டு உள்ளே இருந்தது. மேலே அச்சிட்ட பெயர் மட்டும் பெரிய நிறுவனத்துடையது. ‘5200, 1943’ என்று கடைகளில் ஜோடியாகக் கேட்கப்படும் புகழ்பெற்ற டிரான்சிஸ்டர்களுக்குத்தான் போலிகள் மிகுதி. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் அது போலிதான். டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றினால் போதாது, அதை இயக்கும் டிரைவர்களையும் அருகில் உள்ள குறைந்த ஓம் ரெசிஸ்டர்களையும் சோதிக்க வேண்டும், கடைசியாக, ஒலி இல்லாதபோதும் டிரான்சிஸ்டர்களில் ஓடும் பயாஸ் மின்னோட்டத்தைச் சரி செய்ய வேண்டும் என்று சொல்லி, அதை என் கண் முன்னாலேயே செய்தார். வாங்கியது 1,900 ரூபாய். பெருக்கிப் பகுதி இன்று வரை ஓடுகிறது.

எச்டிஎம்ஐ பற்றிக் கேட்டபோது அவர் சொன்னதுதான் இந்த அனுபவம் முழுவதிலும் எனக்குக் கிடைத்த மிக நேர்மையான பதில்: “இதுல ரெண்டு மெஷின் இருக்குங்க. ஆம்ப் என் வேலை, அதுக்கு நான் பொறுப்பு. மேல இருக்கிற கம்ப்யூட்டர் என் வேலை இல்ல. அதுல காசு போடாதீங்க.” தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் மெக்கானிக் கிடைத்தால் அவருடைய எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் காட்டிய வழியிலேயே, ரிசீவரின் பின்பக்கம் இருந்த ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒன்றாக ஆறு துளைகள் கொண்ட மல்ட்டிசேனல் உள்ளீட்டில், ரிச்சி தெருவில் 3,200 ரூபாய்க்கு வாங்கிய ஒரு 5.1 டிகோடரை இணைத்தேன். டால்பியைப் பிரிக்கும் வேலையை அந்தச் சிறு பெட்டி செய்தது. பெருக்கும் வேலையை மட்டும் பழைய ரிசீவர் செய்தது. மல்ட்டிசேனல் உள்ளீடு இருக்கும் பழைய ரிசீவர்களுக்கு இது மெய்யாகவே ஒரு மறுவாழ்வு. ஆனால் குறைகளும் உண்டு: மல்ட்டிசேனல் உள்ளீட்டில் ஸ்பீக்கர்களின் தூரத்துக்கு ஏற்ப ஒலியைச் சரி செய்யும் ரிசீவரின் அமைப்புகளும், தாழ்ந்த ஒலியைச் சப்வூஃபருக்குத் திருப்பும் வசதியும் வழக்கமாக வேலை செய்யாது, மலிவான டிகோடர்களில் மெல்லிய இரைச்சல் இருக்கும், உதட்டசைவுக்கும் வசனத்துக்கும் சில படங்களில் இடைவெளி விழும். நானும் குடும்பத்தாரும் சில மாதங்கள் இதைப் பொறுத்துக்கொண்டோம். வசனம் சரியாகக் கேட்கவில்லை என்ற முறையீடு வீட்டில் வலுத்த பிறகு, 2023 தீபாவளி விற்பனையில் 46,000 ரூபாய்க்குப் புது ரிசீவர் வாங்கினேன்.

புதிது வாங்கும்போது கடையில் சொல்லும் வாட் கணக்கை அப்படியே ஏற்க வேண்டாம். ‘சேனலுக்கு 135 வாட்’ என்பதற்குக் கீழே சிறிய எழுத்தில் 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், ஒரு சேனல் மட்டும், 10 சதவீதச் சிதைவு என்று இருக்கலாம். 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல்களும் இயங்கும்போது எத்தனை வாட் என்ற வரியைத் தேடிப் பாருங்கள். அது பாதியாக இருக்கும், ஆனால் அதுதான் ஒப்பிடத்தக்க எண். நடுத்தர அளவு கூடத்துக்கு அந்தப் பாதியே தாராளம். மேலிருந்தும் ஒலி வரும் அட்மாஸ் முறைக்கான கூரை ஸ்பீக்கர்கள் போடும் எண்ணமே இல்லாதவர் ஏழு சேனலுக்கும் ஒன்பது சேனலுக்கும் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. மாறாக, தொலைக்காட்சியின் ஒலியை எச்டிஎம்ஐ கம்பி வழியே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் இஆர்க் வசதி இருக்கிறதா என்று பார்ப்பது பயன் தரும். தொலைக்காட்சியிலும் அது இருந்தால், சாதனங்களை எல்லாம் தொலைக்காட்சியில் செருகிவிட்டு ஒரே கம்பியில் ஒலியைக் கீழே கொண்டு வரலாம். 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4இன் பழைய ஆர்க்கில் ட்ரூஎச்டி போன்றவை வராது. 2017இல் வந்த 2.1 தலைமுறையின் இஆர்க்கில் வரும். வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்ததாகச் சொல்லி விலை குறைத்து விற்கப்படும் பெட்டியைத் தவிர்க்கவும். அமெரிக்க மாடலாக இருந்தால் 120 வோல்ட்டுக்கு உரியது, நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றே கதை முடிந்துவிடும், இந்திய உத்தரவாதமும் கிடையாது. ஸ்பீக்கர்களை மாற்றச் சொல்லிக் கடைக்காரர் வற்புறுத்தினார், நான் இசையவில்லை. ரப்பர் விளிம்பு கொண்ட ஸ்பீக்கர்கள் நெடுங்காலம் உழைக்கும். ஃபோம் விளிம்பு மட்டுமே உதிர்ந்துபோகும், அதையும் மாற்றித் தர ஆட்கள் இருக்கிறார்கள்.

புது ரிசீவரை வைக்கும் இடத்தையும் மாற்றினேன். பழையது மூடிய அலமாரிக்குள், தலைமேல் செட்டாப் பாக்ஸைச் சுமந்துகொண்டு, திருச்சிக் கோடையில் வெந்துகொண்டிருந்தது. எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் வெப்பம் 10 டிகிரி கூடும்தோறும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு. எனவே மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு, பின்பக்கம் திறந்த அலமாரியில் வைத்திருக்கிறேன். தூசியை அவ்வப்போது ப்ளோயரால் ஊதிவிடுகிறேன். எச்டிஎம்ஐ கம்பியைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் இரு பக்கச் சாதனங்களின் மின்செருகிகளையும் எடுத்துவிடுவது, இடி மின்னல் நேரத்தில் கேபிள் கம்பியையும் கழற்றி வைப்பது, மூன்று முள் செருகியில் எர்த் உண்மையாகவே வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து அளக்கச் செய்வது ஆகியவையும் இப்போது பழக்கமாகிவிட்டன.

பழைய ரிசீவருக்கு எக்ஸ்சேஞ்சில் 2,000 ரூபாய் தருவதாகக் கடையில் சொன்னார்கள். கொடுக்கவில்லை. மாடி அறையில் இரண்டு ஸ்பீக்கர்களோடு, ‘டைரக்ட்’ முறையில், பாட்டுக் கேட்பதற்கு மட்டும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. டிகோடரை இதே தொல்லையில் இருந்த உறவினர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். ரிசீவரை என்றாவது விற்பதாக இருந்தால், எச்டிஎம்ஐயும் ஆப்டிகலும் வேலை செய்யாது, அனலாக் உள்ளீடுகள் மட்டும் வேலை செய்யும் என்று ஒரு தாளில் எழுதி அதன் மூடிமேல் ஒட்டியே விற்பதாக இருக்கிறேன்.